புதன்கிழமை யாரும் போட வேண்டாம்

அந்தப் பெட்ரோல் பங்கில் அவளுக்கு ஜீரோக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வண்டி வந்து நின்றதும் மெஷினில் எண்களைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, "ஜீரோ பாத்துக்கோங்க" என்பாள். எல்லாப் பங்கிலும் சொல்கிற வார்த்தைதான். மற்றவர்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்வார்கள், வண்டிக்காரரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையாட்டுவார். இவளிடம் அது நடக்காது. வந்தவர் கழுத்தைத் திருப்பி மெஷினைப் பார்க்கிறவரைக்கும் குழாயை அமுக்கமாட்டாள். "பாத்துட்டேன், போடுக்கா" என்று அவசரப்படுகிறவர்களிடம், "என்னைப் பாத்தா போதாது, அதைப் பாருங்க" என்பாள். பன்னிரண்டு வருஷத்தில் அளவு குறைந்துவிட்டது என்று ஒருவர்கூட அவளிடம் சண்டைக்கு வந்ததில்லை.

வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒருநாள் கணவர் தட்டில் சோறு போடக் கரண்டியை எடுத்தவள் வாய் தவறி, "ஜீரோ பாத்துக்கோங்க" என்றுவிட்டாள். அவர் காலித் தட்டைக் குனிந்து பார்த்து, "பாத்துட்டேன், ஃபுல் பண்ணு" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அதைச் சொல்லாமல் யாரும் சாப்பிட்டதில்லை. விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கிற மகள் லீவுக்கு வந்தால் அவளும் தட்டை நீட்டிக்கொண்டு அதையேதான் சொல்வாள்.

அந்தப் பேச்சு நின்றுபோய் இப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

கணவர் ஸ்கூல் வேன் ஓட்டினார். சொந்த வேன். பதினெட்டுக் குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையையும் வீட்டு வாசலில் ஏற்றி வாசலிலேயே இறக்குவது அவர் வழக்கம். அதனால்தான் அந்தப் பகுதியில் அவருக்கு நல்ல பெயர். டீசல் விலை மாசத்துக்கு மாசம் ஏறியதில் அந்த நல்ல பெயர் கையைக் கடிக்க ஆரம்பித்தது. ஒருதரம் கட்டணத்தை ஏற்றிப் பார்த்தார். இரண்டு வீட்டில் குழந்தைகளை நிறுத்திக்கொண்டார்கள். இன்னொருதரம் ஏற்றினால் வேனில் அவர் மட்டும்தான் உட்கார்ந்து போக வேண்டும்.

காய்கறி மொத்த வியாபாரி ஒருவர் வேனை விலைக்குக் கேட்டிருந்தார். முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வந்து பார்த்த அன்றைக்கே அவர் உள்ளே ஏறி, சீட்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, "இதையெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டா நாப்பது மூட்டை ஏத்தலாம்" என்றார். சீட்டுகளின் முதுகில் குழந்தைகள் ஒட்டிவைத்த படங்கள் இருந்தன. கணவர் அதில் ஓரம் பெயர்ந்த ஒன்றை விரலால் அழுத்தி ஒட்டினார். வேன் போனால் அவருக்குத் தெரிந்த வேறு வேலை, ஊருக்கு வெளியே இருக்கிற கிடங்கில் லாரி ஓட்டுவது. வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு.

இதில் அவள் மனசைக் குடைந்தது ஒன்று உண்டு. பங்கின் விலைப் பலகையில் எண் தகடுகளை மாற்றுவது அவள் வேலை. விலை மாறுகிற நாளில் காலை ஆறு மணிக்கு ஏணி போட்டு ஏறி, பழைய தகட்டைக் கழற்றிப் புதிய தகட்டைக் கொக்கியில் மாட்டுவாள். காலையில் அவள் மாட்டுகிற எண் சாயங்காலம் அவர் முகத்தில் தொங்கும்.

அப்படி இருக்கும்போதுதான் மருந்துக்கடைக்காரர் கிளம்பினார்.

நல்ல மனிதர். பேச்சும் சுறுசுறுப்பும் கொஞ்சம் அதிகம். அவருடைய பெண்ணும் இந்த வேனில்தான் போகிறாள். வேன் பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பை நடத்துகிறவரும் அவரே. "புதன்கிழமை யாரும் போட வேண்டாம்" என்று நோட்டீஸ் அடித்தார். ஒருநாள் ஊரே பெட்ரோல், டீசல் போடாமல் இருந்தால் கம்பெனிக்காரன் நடுங்கிவிடுவான், விலை தானாக இறங்கும் என்பது அவர் கட்சி. அது பக்கத்துத் தெருக்களுக்கும் பரவிவிட்டது. கணவர் அதில் முழுசாக இறங்கினார். வேனின் பின்கண்ணாடியில் நோட்டீஸை ஒட்டினார். கட்டுக் கட்டாக எடுத்துப்போய்க் கடை கடையாகக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் அவரை 'வாகன அணித் தலைவர்' என்று கூப்பிட ஆரம்பித்ததும் மனிதருக்கு முகத்தில் ஒரு களை வந்தது. மூன்று வாரமாக அந்த முகத்தில் இல்லாத களை. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் அவளிடம் ஒரு கம்பி இருந்தது. தினமும் காலையில் தரைக்கடியில் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து, கோடு போட்ட நீளமான பித்தளைக் கம்பியை உள்ளே இறக்குவாள். நுனியில் ஒரு பசையைத் தடவியிருப்பாள். தண்ணீர் கலந்திருந்தால் அது நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பியை வெளியே எடுத்து ஈரம் எந்தக் கோடு வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். நாளைக்கு விலை ஏறப்போகிறது என்று வதந்தி வந்தால், அன்றைக்குக் கம்பியில் ஈரக்கோடு விறுவிறுவென்று இறங்கும். மறுநாள் அசையாது. வாரக் கடைசியில் சேர்த்துப் பார்த்தால் எப்போதும் விற்கிற அதே அளவுதான். ஜனங்கள் நாளை மாற்றுவார்களே தவிர அளவை மாற்றமாட்டார்கள் என்பதை அந்தக் கம்பி அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறது.

திங்கட்கிழமை இதை அவரிடம் சொல்லிப் பார்த்தாள். புதன்கிழமை வராமல் இருப்பதற்காகச் செவ்வாய்க்கிழமையே வந்து நிற்பார்கள் என்றாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உனக்குச் சம்பளம் குடுக்கறதே அந்தக் கம்பிதானே? அது பக்கம் பேசாம வேற எப்படிப் பேசுவே?"

குழாயடியில் பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளுடைய சம்பளத்தைப் பற்றிக் குத்தலாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்தே பங்கில் கூட்டம் நெருக்கியது. வரிசை பங்கைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிரே தண்ணீர்த் தொட்டி முனைவரைக்கும் போய்த் திரும்பியது. இரண்டு மணிக்கு முடிய வேண்டிய ஷிப்டை மேனேஜர் ஆறு மணிவரைக்கும் நீட்டச் சொன்னார். வந்த எல்லோரும் ஒரே மாதிரி, "ஃபுல் பண்ணுங்க, நாளைக்குப் போட மாட்டோம்" என்றார்கள். அதையும் என்னவோ தியாகம் செய்கிற முகத்தோடு சொன்னார்கள். நாளைக்குப் பட்டினி என்று இன்றைக்கே இரண்டு நாள் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிடுகிற கதை.

நாலு மணிக்கு மருந்துக்கடைக்காரர் காரோடு வந்தார். நாலரைக்கு ஸ்கூட்டரோடு திரும்பவும் வந்தார். ஸ்கூட்டருக்கு மூடியைத் திறக்கும்போது அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நாளைக்குப் போடக் கூடாதுன்னுதானே நோட்டீஸ் அடிச்சீங்க?"

"அதனாலதான்க்கா இன்னைக்கே போடறேன். நாளைக்குப் போராட்டமாச்சே, நாலு இடம் அலைய வேண்டியிருக்கும்."

"நாளைக்கு விக்காதது இன்னைக்கே வித்துட்டா யாருக்கு நஷ்டம்?"

"அக்கா, இது கணக்கு இல்லை, உணர்வு" என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து.

அவள் மெஷினைக் காட்டினாள். "ஜீரோ பாத்துக்கோங்க."

அவர் பார்த்தார்.

வேலைக்கு நடுவில் அவள் கண் வரிசையையே துழாவிக்கொண்டிருந்தது. மஞ்சள் வேன் வருகிறதா என்று பார்த்தாள். வந்தால் அவரும் எல்லோரையும்போல ஆகிவிட்டார் என்று ஆகும். வராவிட்டால் நாளைக்குக் குழந்தைகளை எப்படிக் கொண்டுபோவார்? கடைசியாக டீசல் போட்டது சனிக்கிழமை. இரண்டில் எதற்கு ஆசைப்படுவது என்று அவளுக்கே புரியவில்லை. ஐந்து மணிக்கு மேனேஜர் டேங்கர் லாரிக்கு ஃபோன் செய்தார். வருஷத்திலேயே அதிக விற்பனை அன்றைக்குத்தான். வேன் வரவில்லை.

ஷிப்டு முடிந்து கிளம்பும்போது ஒரு கேனில் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அவருக்குத் தெரியாமல் வேனில் ஊற்றிவிட்டால் தீர்ந்தது. கேனைக் கையில்கூட எடுத்துவிட்டாள். அப்புறம் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அன்றைக்கு அந்த ஊரில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு ஒரே ஒரு ஆள் இருந்தான். அவனை ஏமாற்றுகிற முதல் ஆள் பெண்டாட்டியாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

வீட்டு வாசலில் அவர் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

"எவ்வளவு இருக்கு?"

"ஊசி படுத்துடுச்சு."

"அப்புறம் ஏன் வரலை?"

"பின்னாடி நோட்டீஸ் ஒட்டிக்கிட்டு முந்தின நாள் உன் வரிசையில வந்து நிக்கச் சொல்றியா? அசிங்கமா இருக்காது?"

அந்த வரிசையில் ஊரே நின்றதை அவள் சொல்லவில்லை. வாய் நுனிவரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு உள்ளே போய்ப் பழைய கேபிள் ஒயர் துண்டு ஒன்றை எடுத்துவந்தாள். துணியால் துடைத்து, வேனின் டேங்க் மூடியைத் திறந்து, அடிமுட்ட இறக்கி, எடுத்துப் பார்த்தாள். ஈரத்தை விரலால் அளந்தாள்.

"நாலு லிட்டர் இருக்கும்" என்றாள்.

ஒரு நாளைக்கு அந்த வேனுக்கு ஆறு லிட்டர் வேண்டும். காலை நடையும் சாயங்கால நடையும் சேர்த்து ஆறு. அது அவர்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். பெட்ரோல் வண்டி பாதி வழியில் நின்றால் கொஞ்சம் ஊற்றிக் கிளப்பிவிடலாம். டீசல் வண்டி அப்படி இல்லை. காலியானால் குழாயில் காற்று ஏறிவிடும். மெக்கானிக் வந்து காற்றை எடுக்கிறவரைக்கும் பதினெட்டுக் குழந்தைகளும் நடுரோட்டில்தான். அவர் துணியை வைத்துவிட்டு வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். போய்ப் போட்டுக்கொண்டு வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.

முன்பு ஒருதரம் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற அம்மாளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஒரு வாரம் அவள்தான் வேனில் போனாள். டீசல் காட்டுகிற ஊசியைப் பார்க்காமல் அவளால் எந்த வண்டியிலும் உட்கார முடியாது. அப்போது பார்த்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. வேன் டீசல் குடிப்பது நேர் ரோட்டில் இல்லை. முட்டுச்சந்துகளில் நுழைந்து, நாலுதரம் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்புவதில். அப்புறம் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதில். அதிலும் இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருத்தி இருக்கிறாள், மூன்றாவது மாடிக்காரி. ஒரு குழந்தைக்கு ஷூ கிடைத்தால் இன்னொன்றுக்குக் கிடைக்காது. தினமும் ஐந்து நிமிஷம் அந்த வாசலிலேயே போகும்.

"வீடு வீடாப் போகாதீங்க. தொட்டி முனை, தபால் ஆபீஸ், பேக்கரி. மூணு இடத்துல மட்டும் நில்லுங்க. நிக்கும்போது இஞ்சினை அணைச்சுடுங்க."

அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிகம் குடிக்கும் என்றார் அவர். டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவருக்கு வேன் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் சொன்னார். "அவர் கம்பி விட்டுப் பாத்தாரா?" என்று கேட்டாள். அது கிடக்கட்டும், வாசலுக்கு வருவதற்குத்தான் ஜனங்கள் வேன் வைத்திருக்கிறார்கள், நடந்து வா என்றால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

"சும்மா கேட்டா மாட்டாங்க. நாளைக்குப் புறக்கணிப்பு. அதைச் சொல்லிக் கேளுங்க. எல்லாருக்கும் ஏதாவது செய்யணும்னு கை துறுதுறுங்குது, நான் இன்னைக்குப் பூரா பாத்துட்டுதான் வரேன்."

அவர் நோட்டீஸைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரூப்பில் பேசிப் பதிவு போட்டார். வேன் சனிக்கிழமைக்குப் பிறகு டீசல் போடவில்லை, நாளைக்கும் போடாது, இருக்கிறதை வைத்துத்தான் ஓடப்போகிறது, மூன்று இடத்தில் நிற்கும், தயவுசெய்து ஒத்துழைக்க வேண்டும் என்று. குரல் மேடையில் பேசுகிறவர் குரல்போல இல்லை, கடன் கேட்கிறவர் குரல்போல இருந்தது.

முதல் பதில் மூன்றாவது மாடிக்காரியிடமிருந்து வந்தது. உயர்த்திய கட்டைவிரல் படமும் இரண்டு நெருப்புப் படமும். அவள் சம்மதித்த பிறகு மற்றவர்கள் மறுக்க வழியே இல்லை. பதினைந்து நிமிஷத்தில் பதினேழு கட்டைவிரல்.

புதன்கிழமை காலை பங்கு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மேனேஜர் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வாரா வாரம் புதன்கிழமை இப்படி வெச்சா நல்லது. நேத்தே ரெண்டு நாள் வியாபாரம் முடிஞ்சுது, இன்னைக்கு உக்காந்து டீ குடிக்கலாம்" என்றார். அவள் கையில் துணியை எடுத்துக்கொண்டு, எதிரே தொட்டி முனை தெரிகிற மெஷினைத் துடைக்கப் போனாள்.

ஏழு மணிக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தாத்தா ஒருவர், அப்பா இருவர், அம்மாக்கள். மூன்றாவது மாடிக்காரி வீட்டுச் செருப்போடு, இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகள், நாலு காலிலும் ஷூ. வேன் வந்து நின்றது. இஞ்சின் சத்தம் நின்றது. அந்த அமைதி அவளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே கேட்டது. குழந்தைகள் ஏறினார்கள். மறுபடி சாவியைத் திருப்பியபோது அவள் துடைப்பதை நிறுத்தினாள். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

ஒன்பது மணிக்கு அந்த முனையிலேயே மருந்துக்கடைக்காரரும் பத்துப் பதினைந்து பேரும் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலை நடையை முடித்துவிட்டு அவள் கணவரும் நடந்தே வந்து சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் அட்டையை உயரமாகத்தான் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்றவர் அவரிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். இன்னொருவரும் சேர்ந்து சிரித்தார். அட்டை மெல்ல மெல்ல அவர் நெஞ்சுக்கு இறங்கி, இடுப்புக்கு இறங்கி, கடைசியில் தரையைத் தொட்டது. அவர் அதை மருந்துக்கடைக்காரரின் கார்மேல் சாய்த்து வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து அவளிடம் வந்தார்.

"நேத்து எல்லாரும் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"அவரும்?" என்று மருந்துக்கடைக்காரர் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"ரெண்டு தடவை."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்களும் வந்திருப்பீங்க."

அவர் காலியாகக் கிடந்த பங்கைச் சுற்றிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். "டீ இருக்கா?" என்று மட்டும் கேட்டார். மேனேஜருக்கு வந்த பிளாஸ்கில் மிச்சம் இருந்தது. மெஷின் மறைவில் நின்று குடித்துவிட்டு, திரும்ப அந்த முனைக்குப் போகாமல் வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோது, வேன் கையைவிட்டுப் போய்விட்டது, இனி முதல் தேதி வருவதுதான் பாக்கி என்று அவளுக்குத் தோன்றியது.

சாயங்கால நடையும் முடிந்து வேன் வாசலுக்கு வந்தது. அவர் நேராக உள்ளே போய்விட்டார். அவள் ஒயரை எடுத்துக்கொண்டு டேங்கைத் திறந்தாள். நுனியில் ஒரு விரற்கடைக்கு ஈரம் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு விலை ஏறியிருந்தது. அதிகம் இல்லை, கடைசி எண் ஒன்று. ஆனால் ஏறியிருந்தது. அவள் ஏணியில் நின்று புதிய தகட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது கீழே மஞ்சள் வேன் வந்து நின்றது. அவர் வெளியே தலையை நீட்டிப் பலகையைப் பார்த்தார்.

"அந்த மொத்த வியாபாரிக்கு இன்னைக்கே சரின்னு சொல்லிடறேன்" என்றார், ஏதோ வானிலை சொல்கிற மாதிரி.

அவள் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். மெஷினில் நாலு லிட்டர் என்று அமுக்கினாள்.

"ஜீரோ பாத்துக்கோங்க."

அவர் பழக்கத்தில் பார்த்தார். "ஏன் நாலு? ஆறு போடு."

"நேத்து நாலு லிட்டர்ல ரெண்டு நடையும் முடிஞ்சு, இன்னும் ஒரு விரல் ஈரம் இருக்கு. நான் பாத்துட்டேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று முழுக்க அவமானத்தை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு லிட்டரை எண்ண நேரம் இருந்திருக்காது. மூன்றில் ஒரு பங்குக்குமேல் மிச்சம். விலை எவ்வளவு ஏறியிருந்ததோ அதை அது விழுங்கிவிடும். அவர் மனசுக்குள் கூட்டிக் கழிப்பது உதட்டில் தெரிந்தது. உடனே முகம் சுருங்கியது.

"அது நேத்து ஒருநாளைக்குன்னு சொன்னது. இன்னைக்கு வாசலுக்கு வரலேன்னா கேப்பாங்க."

"போராட்டம் முடிஞ்சுதுன்னு யாராவது சொன்னாங்களா? விலை குறையற வரைக்கும்னு குரூப்ல போடுங்க."

"விலை எப்பக் குறையறது?"

"அதான் சொல்றேன்."

அவருக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்ற டிராக்டர்காரர் ஹாரன் அடிக்கிறவரைக்கும் சிரித்தார்.

மொத்த வியாபாரி முதல் தேதி காலையில் வந்தபோது கணவர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, கொடுப்பதாக இல்லை என்றார். விலை போதவில்லையா என்று அவர் கேட்டார். இல்லை, போராட்டத்தில் இருக்கிறோம், நடுவில் விற்க முடியாது என்றார் கணவர். அவர் குழம்பிப்போய் எழுந்து போனார். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், காலித் தட்டைத் தூக்கிக் காட்டி, "பாத்தாச்சு, பாத்தாச்சு, ஃபுல் பண்ணு" என்றார். அவள் கரண்டியோடு ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டுத்தான் போட்டாள்.

இதனால் ஊரில் டீசல் விற்பனை குறைந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஒரு வேனின் இரண்டு லிட்டர் பங்கின் தொட்டிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவள் தினமும் கம்பியை இறக்கினாள், ஈரம் எப்போதும் ஏறுகிற கோட்டுக்கே ஏறியது. அவளும் அதை எதிர்பார்த்து இறக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் இன்னும் இரண்டு வேன்காரர்கள் வந்து கணவரிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் முதலில் நாலு நாள் முகத்தைப் பார்க்காமல் போனார். அப்புறம் ஒருநாள் பங்குக்கு வந்து, ஸ்கூட்டருக்கு வழக்கத்தில் பாதி போதும் என்றார். மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வீடுகளைத் தெரு வாரியாகச் சேர்த்து ஒரே சுற்றில் முடித்துவிடுகிறாராம். "உணர்வு இருக்கட்டும்க்கா, கணக்கும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார். ஜீரோவைச் சொல்லாமலே பார்த்தார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் விலை நிஜமாகவே இறங்கியது. எங்கேயோ எண்ணெய் அதிகமாகக் கிடைக்கிறதாம், மேனேஜர் பேப்பர் பார்த்துச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் இது நம் புதன்கிழமையின் பலன் என்று குரூப்பில் போட்டார். சின்ன எண் தகட்டைத் தேடி எடுப்பதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது. அவள் ஏணியில் ஏறிப் பழைய தகட்டைக் கழற்றிச் சின்ன எண்ணை மாட்டினாள். இத்தனை வருஷத்தில் அப்படி மாட்டியது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். சந்தோஷமாகத்தான் இருந்தது. கீழே இறங்கும்போது தொட்டி முனையில் நின்ற வேனிலிருந்து கணவர் இறங்கி வேக வேகமாக ரோட்டைக் கடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஃபோனை நீட்டினார்.

குரூப்பில் ஒரு அப்பா கேட்டிருந்தார். விலை குறைந்துவிட்டதே, போராட்டம் முடிந்ததுதானே, நாளையிலிருந்து வேன் வாசலுக்கே வருமா?

"நீதான் விலை குறையற வரைக்கும்னு போடச் சொன்னே" என்றார்.

அவள் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்துச் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஏணிக்குப் பக்கத்தில் நின்றபடி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே வேன் இஞ்சின் அணைந்து நின்றது. அதன் பக்கத்தில் மூன்றாவது மாடிக்காரி இன்னும் மூன்று பெண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வேன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே அவர்கள் அங்கே கூடிவிடுகிறார்கள். வேன் போன பிறகும் போவதில்லை. மாடிக்காரி பேச்சை நிறுத்தித் தன் ஃபோனைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். வாய்க்குக் கிட்டே வைத்துப் பேசினாள்.

கணவரின் ஃபோனில் பதிவு வந்து விழுந்தது. பின்னணியில் குழந்தைகளின் கூச்சல்.

"முடிஞ்சுதுன்னு யார் சொன்னாங்க? இதெல்லாம் ஒரு குறைப்பா, கண்ணாடி போட்டுப் பாத்தாத்தான் தெரியுது. இன்னும் குறையணும். வேன் தொட்டி முனையிலேயே நிக்கட்டும். எங்க வீட்டுக் குழந்தைங்க இப்பத்தான் நேரத்துக்கு எந்திரிக்கக் கத்துக்கிட்டிருக்குதுங்க, கெடுத்துடாதீங்க."

கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன. கணவர் அவற்றை வாய்விட்டு எண்ணவில்லை, ஆனால் பதினேழு வரும்வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

"போங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள் அவள். ஒரு லாரி வந்து நின்றிருந்தது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழாயைக் கையில் எடுத்தாள்.